‘சின்’ என்றால் கொஞ்சம்

எங்கள் அண்ணியை அந்த விடுதிச் சமையலறையில் ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘ஐயோக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் வாயில் எந்தப் பேச்சுக்கும் முன்னால் ஓர் ஐயோ வந்து நின்றுகொள்ளும். பால் பொங்கினால் ஐயோ. இன்னும் பொங்கவில்லையே என்று அதற்கும் ஐயோ. குக்கர் இரண்டாவது விசிலுக்குத் தயாராகும்போதே கதவுக்குப் பின்னால் போய் நிற்பாள். லிஃப்டில் ஏறமாட்டாள். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் அதை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுத் தள்ளி உட்காருவாள். என் அண்ணன் பஸ் மெக்கானிக். வாய்த்துடுக்கு எங்கள் குடும்பச் சொத்து. “உங்க அண்ணி இருக்கறவரைக்கும் நம்ம வீட்டுக்கு நாய் தேவையில்ல. பக்கத்து வீட்டுப் பூனை தும்மினாலே எழுந்து உக்காந்துடுவா” என்பான்.

நான் அவளுக்கு நாத்தனார். ஒரே வீடு, ஒரே வேலை. வீட்டில் அவள் சமைப்பாள், நான் குறை சொல்வேன். விடுதியில் அவள் சமைப்பாள், நான் பரிமாறுவேன். எனக்குப் பயம் என்பதே கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். அந்த வாயால்தான் ஒரு மனிதனின் மூச்சு நிற்கப் பார்த்தது. ஒரே ஒரு சொல். ஸ்பானிஷ் சொல். ‘சின்’.

‘சின்’ என்றால் ‘இல்லாமல்’ என்று அர்த்தம். இதைப் படிக்கிற உங்களுக்கு இப்போதே தெரிந்துவிட்டது. எனக்கும் அண்ணிக்கும் இருபத்துநாலு நாள் தெரியாது. 

அண்ணி பிறவியிலேயே பயந்தவள் இல்லை. இந்த விடுதிக்கு வருமுன் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் இருந்தாள். ஒரு மதியம் சாப்பிட்ட பிள்ளைகள் வரிசையாக வாந்தி எடுக்க ஆரம்பித்தார்கள். தண்ணீர்த் தொட்டியில்தான் கோளாறு என்று இரண்டு நாள் கழித்துக் கண்டுபிடித்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் பிழைத்து எழுந்து ஓடிவிட்டன. யாரும் அண்ணியை ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் அந்த மதியம் ஒரு சின்னப் பெண் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு, “ஆயாம்மா, நான் செத்துருவேனா?” என்று கேட்டிருக்கிறது. அன்றைக்கு வந்து உட்கார்ந்ததுதான் அந்த ஐயோ.

அதிலிருந்து எதைச் சமைத்தாலும் முதலில் தான் ஒரு வாய் சாப்பிடுவாள். கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிஷம் நிற்பாள். தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால்தான் பாத்திரத்தை என் பக்கம் தள்ளுவாள். “விஷம் வெச்சவங்ககூட இவ்ளோ நேரம் பாக்கமாட்டாங்க அண்ணி” என்று நான் கத்துவேன். அவள் காதில் விழாது.

எங்கள் விடுதி ஒரு தொழிற்சாலையுடையது. வெளியூரிலிருந்து மெஷின் பூட்டவும் ரிப்பேர் பார்க்கவும் வருகிறவர்கள் தங்குவார்கள். பன்னிரண்டு அறை, ஒரு சாப்பாட்டுக் கூடம், எட்டு மேசை. ஒரு நாள் மேனேஜர் சமையலறைக்குள் வந்தார். அவர் உள்ளே வந்தாலே ஏதோ வில்லங்கம் என்று அர்த்தம்.

“அஞ்சு பேர் வர்றாங்க. புது மெஷின் பூட்ட. நாலு மாசம் இருப்பாங்க. ஸ்பானிஷ் மட்டும்தான் பேசுவாங்களாம்.”

“ஐயோ” என்றாள் அண்ணி.

“அதனால உங்க ரெண்டு பேருக்கும் ஆறு நாள் கிளாஸ். சாப்பாட்டுக்கு வேண்டிய ஸ்பானிஷ் மட்டும். என்ன வேணும், என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது. அவ்ளோதான்.”

“ஐயோ, எனக்கு இங்கிலீஷே நாக்குல நிக்காது சார்.”

“இது இங்கிலீஷ் இல்லம்மா.”

“அதான் சார் இன்னும் பயமா இருக்கு.”

டீச்சர் சின்னப் பெண். ஏதோ மொழிபெயர்ப்புக் கம்பெனியில் வேலையாம். சாயங்காலம் டீ முடிந்ததும் சாப்பாட்டுக் கூடத்தில் எங்களை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். அண்ணி ஒரு பழைய டைரியைக் கொண்டுவந்தாள். டீச்சர் சொல்வதைத் தமிழில் எழுதிக்கொள்வது என்று ஏற்பாடு. அங்கேதான் கூத்து ஆரம்பித்தது. சூப்புக்கு அவர்கள் சொல்லும் வார்த்தையைத் தமிழில் எழுதினால் ‘சோபா’. உருளைக்கிழங்கை எழுதினால் ‘பாப்பா’. கோழிக்கறி ‘போயோ’. பூண்டு ‘ஆஹோ’.

“அண்ணி, சோபாவுல பாப்பாவைப் போட்டுக் கொதிக்க வைங்க” என்றேன். டீச்சருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. “ஐயோ, அப்படிச் சொல்லாத. வாயில வந்துரும்” என்றாள்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து ‘சீ’. ஆமாம் என்பதற்கு அவர்கள் சீ என்பார்களாம். “சாப்பாடு நல்லா இருக்கான்னு கேட்டா சீ சீன்னு சொல்வாங்க. அழுதுடாதீங்க அக்கா” என்று டீச்சர் முன்கூட்டியே சொல்லிவைத்தாள்.

மூன்றாம் நாள்தான் அண்ணிக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ‘மே குஸ்தா’ பாடம். “மே-ன்னா எனக்கு. குஸ்தா-ன்னா பிடிக்கும். நம்ம மாதிரியேதான். ‘நான் பிடிக்கிறேன்’னு சொல்லமாட்டாங்க. ‘எனக்குப் பிடிக்கும்’. எனக்கு ரொட்டி பிடிக்கும், மே குஸ்தா எல் பான்” என்றாள் டீச்சர். “மத்தவங்களுக்கு இதைப் புரியவைக்கறதுக்குள்ள என் உயிர் போயிடும். நீங்க ஒரு நிமிஷத்துல பிடிச்சிட்டீங்க” என்று அண்ணியின் கையைத் தட்டினாள்.

அண்ணி அன்றைக்கு முழுக்க அந்த வரியைச் சொல்லிக்கொண்டே வெங்காயம் நறுக்கினாள். நம்ம மாதிரியேதான், நம்ம மாதிரியேதான் என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டாள். எனக்கும் அதே எண்ணம் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது. இந்த மொழி நம்ம மொழி மாதிரித்தான், காதில் எப்படி விழுகிறதோ அதுதான் அர்த்தம் என்று.

ஐந்தாம் நாள் அண்ணன் கையில் ஸ்பேனர் வழுக்கி நல்ல காயம். அண்ணி அவனைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். “நீ போய்க் கேட்டுட்டு வா. ஒண்ணு விடாம கேளு. ஐயோ, நல்லா கேளு” என்று வாசலிலிருந்து கத்திவிட்டுப் போனாள்.

நான் போனேன். நல்லாக் கேட்டேனா? கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஒரு கண் கடிகாரத்தில். டீச்சர் இரண்டு டம்ளரை மேசைமேல் வைத்தாள். ஒன்றில் தண்ணீர் நிறைய இருந்தது. இன்னொன்றை எடுத்துக் குடித்துவிட்டு வைத்தாள். “இது கொன். இது சின்” என்றாள். ‘கொன்’ டம்ளரில் தண்ணீர் தளும்பியது. ‘சின்’ டம்ளரின் அடியில் கொஞ்சூண்டு தண்ணீர் மின்னியது. எனக்குப் பட்டென்று விளங்கிவிட்டது. கொன் என்றால் நிறைய. சின் என்றால் சின்ன. இதற்கு ஒரு கிளாஸா என்று நினைத்துக்கொண்டு பையைத் தூக்கிவிட்டேன்.

வீட்டில் அண்ணி டைரியை விரித்துவைத்துக் காத்திருந்தாள்.

“கொன்-னா சேர்த்து, நிறைய. சின்-னா கொஞ்சமா, சின்னதா. எழுதிக்கோங்க.”

“நிச்சயமா?”

“காதுலயே இருக்கே அண்ணி. சின், சின்ன.”

“டீச்சர் அப்படித்தான் சொன்னாங்களா?”

“நான் என்ன பொய்யா சொல்றேன்?”

அவள் எழுதினாள். எழுதிவிட்டுப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “எல்லாத்துக்கும் சந்தேகம்! உங்களுக்குச் சூரியன் நாளைக்கு வருமான்னே சந்தேகம்!” என்று எழுந்து போய்விட்டேன்.

ஆறாம் நாள் கிளாஸ் நடக்கவில்லை. அந்த ஐந்து பேரும் ஒரு நாள் முன்னாடியே பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிவிட்டார்கள்.

ஐந்தில் நான்கு பேர் வாலிபர்கள். ஒரே மாதிரி நீலச்சட்டை, ஒரே மாதிரி சிரிப்பு. எனக்கு இன்றுவரை யார் எவர் என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. ஐந்தாமவர்தான் தலைவர். ஐம்பது வயது, மலை மாதிரி ஆள், மூக்குக்குக் கீழே துடைப்பம் மாதிரி ஒரு மீசை. அவருக்கு மீசைக்காரர் என்று நானே பேர் வைத்தேன்.

முதல் நாள் சாப்பாடு. அண்ணி பத்து நிமிஷம் காத்திருந்து அனுப்பிய சூப்பை நான் கொண்டுபோய் வைத்தேன். நாலு பேரும் ஒரு வாய் குடித்துவிட்டு “சீ! சீ!” என்றார்கள். அவ்வளவு சொல்லிவைத்தும், உள்ளே அண்ணிக்கு முகம் வெளுத்துவிட்டது. “ஆமான்னு சொல்றாங்க அண்ணி!” என்று நான் ஓடிப்போய்ச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தாள்.

மீசைக்காரர் மட்டும் சாப்பிட ஆரம்பிக்கவில்லை. எழுந்து சமையலறை ஜன்னலுக்கு வந்தார். அண்ணியைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

“சென்யோரா. சின் மனீ. போர் ஃபவோர். சின் மனீ.”

சொல்லிவிட்டுத் தொண்டையைக் கையால் பிடித்துக்காட்டினார். கண்ணை உருட்டினார்.

சென்யோரா என்றால் அம்மா, போர் ஃபவோர் என்றால் தயவுசெய்து, மனீ என்றால் வேர்க்கடலை. அதெல்லாம் இரண்டாம் நாள் பாடத்திலேயே வந்துவிட்டது. அண்ணி டைரியைப் புரட்டினாள். சின். கொஞ்சமா, சின்னதா. தொண்டையைப் பிடித்துக்கொண்ட அந்தக் கையைப் பார்த்தாள். எல்லாம் பொருந்திப்போயிற்று.

“பாவம்டி” என்றாள் என்னிடம். “முழுக் கடலை அவருக்குத் தொண்டையில சிக்குமாம். சின்ன மணி மணியா உடைச்சுப் போடணுமாம்.”

“பாத்தீங்களா? சின்ன மணி. தமிழ்லயே கேக்கறாரு” என்றேன் நான். அந்த நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது இப்போது.

மீசைக்காரர் விடவில்லை. “சின் மனீ?” என்று கேட்டார். “சீ, சீ, சின் மனீ” என்று அண்ணி தலையாட்டினாள். அவர் நிம்மதியாகப் போய் உட்கார்ந்து சாப்பிட்டார். இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டார்கள். அவர் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னார். இவளும் அவர் உயிரைக் காப்பாற்றத்தான் சொன்னாள்.

எங்கள் நல்ல காலம், அந்தச் சமையலறையில் கடலை அதிகம் புழங்கியதில்லை. எண்ணெய்கூட சூரியகாந்தி எண்ணெய். ஆனால் அன்றிலிருந்து அண்ணிக்கு மீசைக்காரரின் தொண்டைதான் கவலை. மீன் வைத்தால் அவர் துண்டில் மட்டும் விரலால் தடவித் தடவி முள் தேடுவாள். அவர் இருமினால் இவள் கரண்டியைக் கீழே போடுவாள். “ஐயோ, எதுவோ சிக்கிடுச்சு, போய்ப் பாரு” என்று என்னை விரட்டுவாள். நான் போய்ப் பார்த்தால் அவர் சிகரெட் இருமல் இருமிக்கொண்டிருப்பார்.

காலையில் அவர் கேட்பது, “கஃபே சின் அசூகார்.” அசூகார் என்றால் சர்க்கரை. அண்ணி அரை ஸ்பூன் போடுவாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு ஒரு நொடி கண்ணை மூடுவார். பிறகு “கிராசியாஸ்” என்று நன்றி சொல்லிவிட்டு மடமடவென்று மருந்து குடிக்கிற மாதிரி குடித்து முடிப்பார். “இன்னும் குறைக்கணுமோ?” என்று அண்ணி கால் ஸ்பூனாக்கினாள்.

இரண்டாம் வாரம் அவர் சாலட்டைக் காட்டி “சின் செபோயா” என்றார். செபோயா என்றால் வெங்காயம். அண்ணியின் முகம் மலர்ந்தது. “சின்ன வெங்காயம் கேக்கறாரு! ருசி தெரிஞ்ச மனுஷன்!” என்றாள்.

மார்க்கெட்டுக்குப் போய்ச் சின்ன வெங்காயம் வாங்கி வந்தோம். உரித்து மாளாது அது. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்ட நானும் அவளும் உட்கார்ந்து உரித்தோம். மீசைக்காரர் சாலட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். பிறகு முள்கரண்டியால் ஒவ்வொன்றாகக் குத்தியெடுத்துத் தட்டின் ஓரத்தில் அடுக்கினார். எனக்கு வந்ததே ஆத்திரம்! “கேக்கறப்ப சின்ன வெங்காயம்னு நாக்கைச் சப்புக்கொட்டிக் கேக்கறது, குடுத்தா பொறுக்கி வெளிய வெக்கறது. என்ன கொழுப்பு!” என்றேன்.

அண்ணி அந்த வெங்காய வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஐயோ, எங்கயோ இடிக்குதே” என்றாள்.

“என்ன இடிக்குது?”

“தெரியல. டீச்சருக்குப் போன் பண்ணிக் கேக்கலாமா?”

“ஒரு வெங்காயத்துக்குப் போனா? நம்மள என்ன நினைப்பாங்க?”

நான்தான் தடுத்தேன். இதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

இருபத்துநாலாம் நாள் காலையில் மீசைக்காரர் ஏதோ உதிரிபாகம் எடுத்துவரத் துறைமுகத்துக்குக் கிளம்பினார். சாயங்காலம்தான் வருவாராம். அவர் கார் தெரு திரும்பியதும் நாலு வாலிபர்களும் சமையலறை ஜன்னலில் வந்து குவிந்தார்கள். ஒருவன் போனில் ஒரு படத்தைக் காட்டினான். கெட்டியான குழம்பு, மேலே தூவிய கடலை. “போயோ கொன் மனீ!” என்று கையைக் கூப்பினான். அவர் இல்லாத நாள் பார்த்து ஏன் கேட்கிறார்கள் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. பெரியவர் இல்லாதபோது பிள்ளைகள் ஆசைப்பட்டதைக் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டோம்.

கடலையை வறுத்து அரைத்து, கோழியை அதில் வேகவைத்து, மேலே முழுக் கடலையைத் தூவி இறக்கினாள். வாசனை தெருவரைக்கும் போயிற்று. ஒரு வாய் சாப்பிட்டாள். பத்து நிமிஷம் நின்றாள். ஒன்றும் ஆகவில்லை. எப்படி ஆகும்? அது அவள் தொண்டை.

மணி பன்னிரண்டரை. வாசலில் கார் சத்தம். மீசைக்காரர் உள்ளே வந்தார். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது போலிருக்கிறது. வாலிபர்கள் இன்னும் தொழிற்சாலையிலிருந்து வரவில்லை. அவர் மூக்கை உறிஞ்சி, கைக்குட்டையில் சிந்திக்கொண்டார். நல்ல ஜலதோஷம். அதனால்தான் அவ்வளவு வாசனையும் அவருக்கு எட்டவில்லை. ஓரத்து மேசையில் உட்கார்ந்து, பசி என்று வயிற்றைத் தட்டிக்காட்டினார்.

“ஐயோ, வந்துட்டாரே” என்றாள் அண்ணி. “முழுக் கடலை போட்டிருக்கேனே! சிக்கிடுமே!”

கை கால் ஓடவில்லை அவளுக்கு. ஒரு கிண்ணத்தில் குழம்பை எடுத்து, அதிலிருந்த முழுக் கடலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். ஒரு கைப்பிடிக் கடலையைச் சின்ன உரலில் போட்டு இடித்தாள். டீ வடிகட்டியில் சலித்தாள். சலித்ததை மறுபடி இடித்தாள். மாவு மாதிரி ஆக்கி, அதைக் குழம்பின் மேல் தூவினாள். ஒரு குழந்தைக்குக்கூட அவ்வளவு பக்குவமாக யாரும் செய்யமாட்டார்கள்.

கிண்ணத்தை என்னிடம் கொடுக்கவில்லை. “நானே கேக்கறேன்” என்று ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். “சென்யோர்! சின் மனீ?”

அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். கட்டைவிரலை உயர்த்தினார். “சீ, சீ! சின் மனீ! கிராசியாஸ், சென்யோரா!”

“போதுமா? அவரே சொல்லிட்டாரு” என்று நான் கிண்ணத்தை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். ஆமாம், பிடுங்கத்தான் செய்தேன். கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். பக்கத்தில் ரொட்டி வைத்தேன். அவர் ரொட்டியைப் பிய்த்து ஓரமாக வைத்துவிட்டு, ஸ்பூனை எடுத்துக் குழம்பில் விட்டார்.

அப்போது அண்ணி சமையலறையை விட்டு வெளியே வந்தாள். அத்தனை வருஷத்தில் ஆட்கள் சாப்பிடும்போது அவள் கூடத்துக்குள் கால் வைத்ததில்லை. ஓடி வந்தாள். வலது உள்ளங்கையில் இடித்த மாவு, இடது உள்ளங்கையில் ஒரு முழுக் கடலை. இது இப்படி இருந்தது, இவ்வளவு சின்னதாக்கியிருக்கிறேன், இது போதுமா என்று கேட்க வந்திருக்கிறாள். வார்த்தையில் நம்பிக்கை இல்லாமல் பொருளையே கொண்டுவந்துவிட்டாள்.

ஸ்பூன் மீசைக்குக் கீழே போய்விட்டது. அண்ணி இரண்டு கையையும் அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“சின் மனீ?” என்றாள்.

அவர் அந்த முழுக் கடலையைப் பார்த்தார். மாவைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார்.

ஸ்பூன் பறந்தது. நாற்காலி பின்னால் சரிந்து விழுந்தது. மலை மாதிரி மனிதர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, “நோ! நோ! நோ!” என்று கத்தினார். கைக்குட்டையால் உதட்டைத் தேய் தேய் என்று தேய்த்தார். குழாயடிக்கு ஓடி வாயையும் கையையும் மீசையையும் கழுவினார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்தார். அது பேனா இல்லை, ஊசி மருந்து. அதைத் தொடைமேல் பிடித்துக்கொண்டு வெளிவராந்தாவில் உட்கார்ந்தார். உதட்டில் பட்டதா படவில்லையா என்று அவருக்கே தெரியவில்லை. நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. தொண்டையைப் பிடித்துக்காட்டிய கை. சாலட் தட்டின் ஓரத்தில் அடுக்கிய வெங்காயம். கண்ணை மூடிக் குடித்த காப்பி. டம்ளரின் அடியில் மின்னிய தண்ணீர். எல்லாம் ஒரே நேரத்தில் வந்து என் தலையில் விழுந்தன. எனக்குப் பயம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அண்ணி அவரிடமிருந்து நாலடி தள்ளி, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் வாயில் ஐயோகூட வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு நிமிஷம். இரண்டு. அவர் தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். ஐந்து. வாலிபர்கள் சிரித்துக்கொண்டே வந்து, அவர் கையிலிருந்த ஊசியைப் பார்த்து அப்படியே நின்றார்கள். ஒருவன் மண்டியிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். எட்டு. ஒன்பது.

பத்தாவது நிமிஷம் அவர் நீளமாக மூச்சை இழுத்து விட்டார். ஊசியைப் பைக்குள் வைத்தார். அண்ணி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சத்தம் கேட்டு மேனேஜர் ஓடி வந்தார். டீச்சருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மீசைக்காரர் படபடவென்று பேச, டீச்சர் கேட்டுக்கொண்டே வந்து சொன்னாள்: “அவருக்குக் கடலை ஆகவே ஆகாதாம் சார். ஒரு துளி போனாலும் தொண்டை அடைச்சு உயிரே போயிடுமாம். சின் மனீ, சின் மனீன்னு தினமும் சொன்னாராம்.”

“சின்-னா என்ன?” என்றார் மேனேஜர்.

“இல்லாமன்னு அர்த்தம். நான்தான் டம்ளரைக் காலி பண்ணிக் காட்டினேனே!”

“அதுல தண்ணி இருந்துச்சு டீச்சர்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“ரெண்டு சொட்டு இருந்திருக்கும் அக்கா.”

மேனேஜருக்கு முகம் சிவந்தது. அவர் மேசையில் அந்த ஐந்து பேருடைய காகிதமும் வந்த நாளிலிருந்தே கிடந்தது. கடலை விஷயம் அதில் கொட்டை எழுத்தில் இருந்ததாம். ஓட்டை போட்டு ஃபைலில் கோத்திருந்தாரே தவிர, படிக்கவில்லை. அது பிறகு தெரிந்தது. அப்போது அவருக்குக் கத்துவதற்கு ஓர் ஆள் வேண்டும். அண்ணியைப் பார்த்துக் கத்தினார். “ஒரு உசுரு போயிருக்கும்! ஏப்ரனைக் கழட்டிட்டுக் கிளம்புங்க நீங்க!”

அண்ணி எழுந்து, முதுகுப்பக்கம் கையை விட்டு முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“சார், நான்தான் தப்பாச் சொல்லிக்குடுத்தேன்” என்றேன். “கிளாஸுக்கு அண்ணி வரல. நான்தான் போனேன். கவனிக்கல. அவங்க போன் பண்ணிக் கேக்கலாம்னாங்க, நான்தான் தடுத்தேன். கிண்ணத்தைக் கொண்டுபோய் வெச்சதும் நான்தான்.” சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

மீசைக்காரர் எழுந்தார். போனைத் தன் பக்கம் இழுத்து நிதானமாக ஏதோ சொன்னார். டீச்சர் சொன்னாள்: “அந்தச் சமையல்கார அம்மா வந்து காட்டலன்னா நான் முழுங்கியிருப்பேன்னு சொல்றாரு. அவங்களை அனுப்பினா, தானும் பெட்டியைக் கட்டிடுவாராம். சாப்பாட்டை இப்படி வந்து கேக்கற ஆள் கையாலதான் சாப்பிடுவாராம்.”

பிறகு அவர் கூடத்துக்குள் வந்து சர்க்கரை டப்பாவை எடுத்தார். ஒரு ஸ்பூன் சர்க்கரை எடுத்து அண்ணிக்குக் காட்டி “கொன்” என்றார். அதை டப்பாவிலேயே கொட்டி, ஸ்பூனைக் கவிழ்த்து, மேசையில் தட்டிக் காட்டி “சின்” என்றார். அண்ணி அந்த ஸ்பூனை வாங்கினாள். துணியால் துடைத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு துகள் இல்லை. “சின்” என்றாள்.

அந்தக் குழம்பை அப்படியே கொட்டினோம். மேசை, நாற்காலி, ஜன்னல் கட்டை, வடிகட்டி எல்லாவற்றையும் சுடுதண்ணீரில் கழுவினோம். நான் அவள் பக்கத்தில் நின்று தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் திட்டுவாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அது இன்னும் கொடுமையாக இருந்தது.

“திட்டுங்க அண்ணி. நாலு வார்த்தை திட்டிடுங்க. நான் சொன்னதை நம்பி நீங்க இன்னைக்கு...”

“நம்பல” என்றாள்.

நான் கையை நிறுத்தினேன்.

“நீ சொன்னதை நான் நம்பவே இல்லடி. நம்பியிருந்தா எதுக்கு வெளிய வந்து காட்டப்போறேன்? நேரா ஊட்டியே விட்டிருப்பேன்.” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “அந்த உரலை மட்டும் இன்னொரு தடவை கழுவிடு. ஐயோ, எதுக்கும் ரெண்டு தடவையாக் கழுவு.”

நான் நாலு தடவை கழுவினேன்.